கைலூலா தூங்கியும் தலை கனக்கிறதே?

கேள்வி: பஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழுதுவிட்டு மறுபடி படுக்கிறேன். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு கைலூலா (மதியக் குட்டித் தூக்கம்) என்று இரண்டு மணி நேரம் தூங்குகிறேன். எழுந்தால் தலை கனம், எரிச்சல். சுன்னத்தை (நபிவழியை)த்தானே செய்கிறேன், பிறகு ஏன் இப்படி? வலப்பக்கம் படுப்பது இதயத்துக்கு நல்லது என்பதும் உண்மையா?

பதில்: இரண்டு மணி நேரம் என்றால் அதற்குப் பெயர் கைலூலா இல்லை, இன்னொரு ராத்திரி! மதியத்தில் சாப்பிடாவிட்டாலும்கூட உடல் கடிகாரம் கொஞ்சம் தொய்யும், அந்த நேரத்தில் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் தெளிவு வரும். நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில் அவர்கள் தூங்கியது சராசரியாக 26 நிமிடம்தான், அதற்கே விழிப்பு கூடியது. அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம், அதன் நடுவில் அலாரம் அடித்தால் எழுந்த பிறகும் மூளை பாதி தூக்கத்திலேயே இருக்கும். உங்கள் தலைக்கனம் அதுதான்.

சரி, மதியம் அவ்வளவு தூக்கம் ஏன் வருகிறது? ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, கவனித்தேன். இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) வெறுத்தார்கள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கைலூலா எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் யாருக்கும் இருப்பதில்லை. பகலெல்லாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துதான் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு சோபாவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் அது குறைந்துவிடும், அப்புறம் பன்னிரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழிப்பு. கையில் மொபைல் வேறு. அந்த வெளிச்சம் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைத் தள்ளிப்போடும். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம், பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். இரவெல்லாம் நின்று தொழுத நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடமே ‘உன் கண்ணுக்கும் உன்மீது உரிமை இருக்கிறது’ என்றார்கள் நபி. நாம் விழித்திருப்பது ரீல்ஸுக்காக.

இஷா முடிந்ததும் மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு, கைலூலாவுக்கு இருபது நிமிட அலாரம் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஏழு மணி நேரம் தூங்கியும் கலக்கம் போகவில்லை, பலத்த குறட்டையும் இருக்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள், தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நின்றுபோவது (ஸ்லீப் ஆப்னியா) காரணமாக இருக்கலாம்.

வலப்பக்கம் ஒளுவோடு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தத்தோடு) படுப்பது சுன்னத், அதற்கு ஆய்வகச் சான்றிதழ் தேவையில்லை. இதயத்துக்கு என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திகளை நான் நம்பமாட்டேன். நெஞ்செரிச்சல் உள்ளவர்களை மருத்துவர்கள் இடப்பக்கம் படுக்கச் சொல்வதும் உண்டு. அப்படியானால் வலப்பக்கம் சாய்ந்து துஆ (பிரார்த்தனை) ஓதிவிட்டு, பிறகு திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.