அந்தச் சொற்களை எழுதியது யார் கை?

கேள்வி: கோவன், சபத், ஃபெமிலியர், அத்தாமே, கிரிமோர் என்று சூனியக் கலைக்கே உரிய சொற்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சூனியக்காரிகள் ரகசியமாகக் காத்துவந்த இந்தச் சொற்களைப் பொருளோடு தொகுத்து வெளியிட்டால் என்ன?

பதில்: வெளியிடலாம். ஆனால் 'ஆயிரக்கணக்கான ஆண்டுகள்', 'சூனியக்காரிகள் காத்தது' என்ற இரண்டையும் முதலில் எடுத்துவிட வேண்டும்.

அத்தாமே என்பது, விக்கா என்ற இக்காலச் சூனிய வழிபாட்டு நெறியினர் சடங்கில் ஏந்தும் கறுப்புப் பிடிக் கத்தி. இடைக்கால லத்தீனில் 'அர்த்தாவுஸ்' என்று ஒரு சொல் உண்டு. எழுத்தர்கள் இறகுப் பேனா சீவும் சிறு கத்தி அது. சாலமோன் அரசன் பெயரில் உலவிய மந்திரச் சுவடிகளில் அது புகுந்து, படியெடுத்தவர்கள் கையில் உருமாறி அத்தாமே ஆனது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மந்திரப் புத்தகத்தைக் குறிக்கும் கிரிமோர் இன்னும் எளிது. இலக்கணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'கிராமேர்' திரிந்து வந்தது. எழுத்தறியாதவர் கண்ணுக்கு லத்தீன் புத்தகம் எல்லாமே மந்திரப் புத்தகம்தான். விக்கா நெறியோ, இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டபின், ஜெரால்ட் கார்ட்னர் 1954-இல் வெளியிட்ட நூலால் பரவியது. புதிது என்பதால் ஒரு வழிபாடு பொய்யாகிவிடாது. அதைப் பின்பற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டையெல்லாம் மற்ற மூன்று சொற்களோடுதான். அவை வழக்கு ஏடுகளில் வளர்ந்தவை. 'சபத்' யூதர்களின் ஓய்வுநாள். சூனியக்காரிகளின் கூட்டம் என்று தாங்கள் கற்பனை செய்ததற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் திருச்சபை விசாரணையாளர்கள். யூதர்கள் கூடும் ஜெப ஆலயத்தின் பெயரையும் அதற்கு வைத்தார்கள். இரண்டு வெறுப்புகளை ஒரே சொல்லில் முடிந்தார்கள். கோவன் என்றால் சூனியக்காரிகளின் குழு. 'கோவனில் 13 பேர்' என்ற கணக்கு, 1662-இல் ஸ்காட்லாந்தில் விசாரிக்கப்பட்ட இசபெல் கௌடியின் வாக்குமூலத்தில் வருவது. மார்கரெட் மரே 1921-இல் எழுதிய நூல் அதை ஐரோப்பா முழுமைக்குமான விதி ஆக்கிவிட்டது.

ஃபெமிலியர் என்றால், நம் வழக்கில் குட்டிச்சாத்தான் போல, ஏவிய வேலையைச் செய்யும் துணைப்பேய். 1645-இல் இங்கிலாந்தின் மானிங்ட்ரீ ஊரில் எலிசபெத் கிளார்க் என்ற ஒற்றைக்கால் கிழவியைப் பிடித்து, இரவிரவாகத் தூங்கவிடாமல் காவல் இருந்தார்கள். நான்காம் இரவு அவள் தன் பேய்களைப் பெயர் சொல்லி அழைத்தாள் என்று, சூனியக்காரிகளைத் தேடிப் பிடித்துவந்த மாத்யூ ஹாப்கின்ஸ் 1647-இல் அச்சிட்டு விற்ற பிரசுரத்தில் எழுதினார். மாட்டுத் தலையோடு ஒரு வேட்டைநாய், அதன் பெயர் வினிகர் டாம். காலே இல்லாத ஒரு கொழுத்த நாய், அதன் பெயர் ஜர்மாரா. தூக்கம் பிடுங்கப்பட்ட முதியவளிடம் கறந்த இந்தப் பெயர்களை இன்று ரகசிய மரபு என்று பட்டியல் போடுகிறோம். அவளை அந்த ஆண்டே தூக்கிலிட்டார்கள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். பீகாரில் 1999-இலும் ஜார்க்கண்டில் 2001-இலும் வந்த சட்டங்கள், ஒரு பெண்ணை 'டாயன்', அதாவது சூனியக்காரி, என்று அடையாளம் காட்டுவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கின. அந்த ஒரு சொல் விழுந்த வீட்டில் அடியும் கொலையும் தொடர்ந்ததால்தான் சொல்லுக்கே சட்டம் தேவைப்பட்டது.

ஆகவே தொகுப்பு வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு, அது யார் ஏட்டிலிருந்து, யாரை என்ன செய்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே போடுவோம். ஃபெமிலியர் என்ற சொல்லுக்கு நேரே எலிசபெத் கிளார்க் பெயர் இருக்கும்.