கொட்டிலில் நிற்கிற மொறிஸ் மைனர்: முடிப்பதா, கொடுப்பதா?

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறேன். 2021 கடைசியில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்றை மூன்றரை இலட்சத்துக்கு வாங்கினேன். அதற்குப் பிறகு இன்னும் நாலு இலட்சம் செலவாகிவிட்டது. இடப்பக்கக் கதவடித் தகடும் தரையும் புதிதாகப் பிடித்தாயிற்று, வலப்பக்கத்தில் இன்னும் கையே வைக்கவில்லை. எஞ்சின் வேலை முடிந்து வந்து மூன்று வருடமாக ஒரு மூலையில் கிடக்கிறது, ஒருநாளும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. மற்றச் சாமான்கள் பெட்டிகளில். வாகனப் பதிவுப் புத்தகம் முன்னைய சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கிறது, அவர் கையெழுத்து வைத்துத் தந்த பெயர்மாற்றப் பத்திரம் என்னிடம் உண்டு. இப்போது ஒருவர் நாலரை இலட்சத்துக்குக் கேட்கிறார். மனைவி கொடுக்கச் சொல்கிறார், மகன் கொடுக்க வேண்டாம் என்கிறான். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: மூன்றரையும் நாலும் ஏழரை. அந்த எண்ணைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே ஒரு பகிடி ஓடியிருக்கும், நான் வேறு சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஏழரை இலட்சத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வித்தாலும் அது முழுதாகத் திரும்பி வராது, வைத்திருந்தாலும் வராது. இனிப் போக வேண்டிய காசு எவ்வளவு, இனிச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. காருக்குக் கீழேயும் புத்தகத்துக்குள்ளேயும்தான் இருக்கிறது.

புத்தகத்தில் இருந்து தொடங்குவோம். விற்றவர் கையெழுத்து வைத்து, வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்ட திறந்த பத்திரத்தோடு வாகனம் கைமாறுவது இங்கே சாதாரணம். சாதாரணம் என்பதற்காகப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்து வைத்தவர் நாளைக்குக் கனடா போய்விடலாம், காலமாகியும் விடலாம். காலமாகிவிட்டால் உரித்தாளர்கள், சட்டத்தரணி, சத்தியக்கடதாசி என்று ஒரு வருடம் போகும். அவர் ஊரில் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வைத்திருப்பதானாலும் வேண்டும், விற்பதானாலும் வேண்டும். உங்கள் பெயரில் புத்தகம் இருக்கிற அரைகுறைக் காரும், மூன்றாம் ஆளின் பெயரில் இருக்கிற அரைகுறைக் காரும் சந்தையில் ஒரே விலைக்குப் போகாது. நாலரைக்குக் கேட்கிறவர் அதை நன்றாகத் தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

மாற்றப் போகும் முன் பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் இருக்கும் செசி எண்ணைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எஞ்சின் எண் பிளாக்கில் அறைந்த ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். எஞ்சின் வேலைக்குப் போன இடத்தில் அந்தத் தகடு கழன்று தொலைந்துபோவதுண்டு. இல்லையென்றால் இப்போதே போய்க் கேளுங்கள், அவர்களுடைய குப்பைத் தகரத்துக்குள் கிடக்கவும் கூடும். இவ்வளவு காலம் ஓடாமல் நின்ற வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் எப்படி, நிலுவை ஏதும் வருமா என்று பிரதேச செயலகத்திலும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எண் தகட்டையும் விட்டுவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டு வண்டி என்றால் அநேகமாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துள்ள எண்ணாகத்தான் இருக்கும். அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து 1958ஐ ஒட்டிப் போராட்டம் நடந்த மண் இது. இன்றைக்கு அதே மண்ணில், பழைய ஸ்ரீ தகடு அப்படியே இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆட்கள் விலை பேசுகிறார்கள். காலம் அப்படி.

இனிக் காருக்குக் கீழே போவோம். மொறிஸ் மைனருக்குப் பொடியைத் தாங்குகிற அடிச்சட்டம், அதாவது தனிச் செசி, கிடையாது. பொடியும் தரையும் கதவடித் தகடும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அதனால் இந்தக் காரில் எஞ்சினைவிடத் தகடுதான் முக்கியம். எஞ்சின் போனால் வேறொன்று தேடலாம், நிசான் சனியின் ஏ12, ஏ14 எஞ்சின் போட்டு ஓடுகிற மைனர்கள் எத்தனையோ. தகடு உக்கினால் அப்படி மாற்ற முடியாது.

ஒரு பழைய ஸ்குறூ ட்றைவரும் ரோர்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் படுங்கள். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் நுனி பொடியோடு பூட்டுகிற ஹாங்கர் இருக்கும். அதைச் சுற்றி ட்றைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘டிங்’ என்று சொல்லும், உக்கினது பலகையில் தட்டின மாதிரிச் சத்தம் போடும். பிறகு முனையால் அழுத்துங்கள். கறுப்புப் பூச்சுக்குள் முனை இறங்கி, பழுப்பு நிறத்தில் பொரிமா மாதிரிக் கறள் கொட்டினால் அந்த இடம் முடிந்தது. இரண்டு பக்கமும், பிறகு முன் இருக்கைக்குக் கீழே குறுக்கே ஓடுகிற பகுதியையும், எஞ்சினைத் தாங்குகிற இரண்டு கால்களையும் இப்படியே பாருங்கள். வெளியில் தெரிகிற மட்காட்டில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், அது போல்ட்டில் பூட்டின சாமான்.

நம் ஊரில் கடல் எந்தப் பக்கம் போனாலும் கிட்ட. உப்புக் காற்று போதாதென்று, மண் தரைக் கொட்டிலில் தறப்பாள் மூடி வைத்தால் மாரியில் நிலத்து ஈரம் முழுக்கத் தறப்பாளுக்குள்தான் நிற்கும். மூடி வைத்த கார் பத்திரமாக இருக்கிறது என்று ஆட்கள் நினைப்பார்கள். மூடாமல் காற்றோட்டமாக நின்ற கார் பல நேரம் அதைவிட நல்லாய் இருக்கும்.

இடப்பக்கம் செய்தாயிற்று என்கிறீர்கள். கதவைப் பூட்டி வைத்தபடி, கார் நாலு சில்லில் நிற்கும்போதா பிடித்தார்கள், இல்லாவிட்டால் கதவைக் கழற்றிவிட்டு ஜாக்கில் தூக்கியா? என்னுடைய முதல் மைனரை ஒரு கராஜில் இரண்டாவது முறையில்தான் செய்தார்கள். வேலை பார்க்க மிக அழகு. கதவைக் கொண்டுபோய்ப் பூட்டினால் மேலே ஒரு விரல் நுழைகிறது, கீழே கதவு தகட்டில் முட்டுகிறது. கார் நடுவில் தொய்ந்துவிட்டது. ஒட்டின அவ்வளவையும் வெட்டி எடுத்துத் திரும்பப் பிடிக்க, முதல் செலவைவிடக் கூடப் போனது. ஆகவே இன்றைக்கே இடப்பக்கக் கதவைத் தூக்கிக் கொளுவிப் பாருங்கள். சுற்றிவர இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் கொடுத்த காசு வீண்போகவில்லை. இல்லையென்றால் வலப்பக்கத்தைத் தொட வேண்டாம்.

வலப்பக்கம் இன்னும் வெட்டாதது ஒரு வகையில் நல்லது. இந்தக் காரில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஓடுகிற தகட்டுக் காலுக்குள் மறைந்து கிடக்கிறது. முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டு அதன் பக்கத்தால் ஓடுவதால், அந்தத் தண்டை இறக்காமல் சிலிண்டரின் போல்ட் வெளியே வராது. பின்னுக்குச் செய்வதென்றால் ஒரு முழு நாள் முதுகு முறியும். தரை திறந்திருக்கும்போதே அதைச் செய்து முடித்துவிடுங்கள். முன் சில்லைத் தாங்குகிற கீழ் மரை மூட்டான ட்ரனியனையும் அப்போதே பாருங்கள். கிறீஸ் காணாமல் மரை தேய்ந்த ட்ரனியன் ஒருநாள் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து கார் தரையில் குந்திவிடும். மெதுவாகத் திருப்பும்போது நடந்தால் பகிடி, பலாலி வீதியில் வேகமாகப் போகும்போது நடந்தால் பகிடியில்லை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை செய்து மூன்று வருடம் சும்மா கிடந்த எஞ்சினைப் புது எஞ்சின் என்று விலை பேசாதீர்கள். சிலிண்டர் சுவரில் கறள் பிடித்திருக்கலாம், பிஸ்டன் றிங் ஒட்டியிருக்கலாம். பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள், ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சுற்றினால் பிறகு கொம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அமுக்கம், பார்க்கலாம். நாலு சிலிண்டருக்கும் இடையே 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

இன்னொன்று நம் ஊர்க் கார்களுக்கே உரியது. 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில் இந்த எஞ்சின்கள் ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் இருந்த எண்ணெயையும் தண்ணியாக்கியது. அப்படி ஓடித் தேய்ந்த பிளாக்குகளின் சிலிண்டர்களைத் திரும்பத் திரும்பக் கடைந்து அகட்டியிருப்பார்கள். உங்களுடையது எந்த அளவுக்குக் கடைந்தது என்று வேலை செய்தவரிடம் கேளுங்கள். 60க்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்குக்கு, போயிருந்தால் அடுத்த தடவை உள்ளே புதுக் குழாய் இறக்குகிற ஸ்லீவ்தான்.

அடுத்தது பெட்டிகள். கழற்றி வைத்த காரின் பாதி, கழற்றினவரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. எந்த விசுக்கோத்துத் தகரத்தில் கதவுக் கண்ணாடி ஏற்றுகிற சாமான், எந்த போல்ட் எங்கே என்பதெல்லாம் 2022இல் உங்களுக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. இன்றைக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும், இன்னும் இரண்டு வருடத்தில் அதுவும் போய்விடும். தகடு உக்குவதைவிட வேகமாக இறங்குகிற பெறுமதி இதுதான், யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த சனி ஞாயிறு மகனையும் கூப்பிட்டு இருத்தி, ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதிக் கட்டுங்கள். என்ன இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும். ட்ரனியன், புஷ், பிரேக் சிலிண்டர் போன்றவை இங்கிலாந்தில் இப்போதும் புதிதாகக் கிடைக்கின்றன. லண்டனில் இருந்து திருவிழாவுக்கு வருகிற சித்தப்பாவின் பெட்டியில் அவற்றுக்கு இடம் உண்டு. கதவும் கண்ணாடியும் அப்படி வராது, அவற்றுக்குக் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குத்தான் அலைய வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். நீங்கள் வாங்கினது, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, ஓடுகிறது ஓடாதது எல்லாம் விலை ஏறி நின்ற காலத்தில். 2025 பெப்ரவரியில் இருந்து திரும்ப இறக்குமதி நடக்கிறது. வைத்திருந்தால் தானாக விலை ஏறும் என்று யாராவது சொன்னால், அவருக்குக் கொட்டில் வாடகை இல்லை என்று அர்த்தம். முடித்த கார்களின் விளம்பர விலையைப் பார்த்தும் மயங்காதீர்கள், அது கேட்கிற விலை. வலப்பக்கத் தகட்டு வேலை, பிரேக், வயறிங், ரயர் நாலு, பெயின்ற், உள் தையல் எல்லாவற்றுக்கும் இன்றைய விலை கேட்டு எழுதுங்கள், பிறகு அதை ஒன்றரையால் பெருக்குங்கள். என் அனுபவத்தில் அந்தப் பெருக்கல் ஒருநாளும் பிழைத்ததில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், இன்றைய நிலையில் நாலரைக்குக் கொடுக்க வேண்டாம். புத்தகத்தை மாற்றுங்கள், ஹாங்கரைத் தட்டிப் பாருங்கள், கதவைக் கொளுவிப் பாருங்கள். இரண்டு ஹாங்கரும் போயிருந்தால், அல்லது இடப்பக்கம் தொய்ந்திருந்தால், விற்றுவிடுங்கள். அந்த வேலையைத் தாங்குகிற கை நம் பக்கம் குறைந்துவிட்டது, கிடைத்தாலும் உங்கள் கார் வரிசையில் கடைசியில் நிற்கும். விற்கும்போது சாமான் சாமானாகப் பிரித்து விற்காதீர்கள். எஞ்சினையும் குறோமையும் முதல் கிழமையே கொண்டுபோவார்கள், மிச்சப் பொடியை உங்கள் வளவில் இருந்து எடுக்க நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டி வரும். முழுதாக, பெயர் எழுதின பைகளோடு, செய்த வேலையின் படங்களோடு, பெயர் மாற்றத்தோடு கொடுங்கள். நீங்களும் இன்னொருவருக்குத் திறந்த பத்திரம் கொடுக்காதீர்கள், அவர் எங்கேயாவது இடித்தால் பொலிஸ் வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு.

தகடு நல்லது என்றால் வைத்திருங்கள், ஆனால் கனவைக் குறையுங்கள். கலியாணத்துக்கு வாடகைக்குப் போகிற மாதிரி மினுக்கின கார் இப்போது வேண்டாம். வலப்பக்கம் ஒட்டி, பிரேக் செய்து, எஞ்சினைப் போட்டு, பெயின்றுக்கு முன் அடிக்கிற பிறைமரோடேயே பக்கத்துக் கோண்டாவில் வரை ஓடினால் போதும். ஓடுகிற கார் பெயின்ற் இல்லாமலும் விலைபோகும், பெயின்ற் அடித்த ஓடாத கார் போகாது. அந்த நிலைக்கு வந்த பிறகும் மனைவி கொடுக்கச் சொன்னால், அப்போது வருகிற விலை நாலரையாக இருக்காது.

மாரி தொடங்கும் முன் தறப்பாளை எடுத்து, நாலு சில்லுக்கும் கீழே பலகை வையுங்கள். எஞ்சின் துளைகளில் எண்ணெய் விடுவதை இன்று மாலையே செய்யுங்கள். விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் விடுங்கள்.