விடிகாலையில் எரிந்து தானே அணையும் டயர் விளக்கு: காற்று எவ்வளவு வைப்பது?

கேள்வி: ஏழு பேர் உட்காரும் எஸ்.யு.வி. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து விடிகாலையில் வண்டியை எடுத்தால் டயர் பிரஷர் விளக்கு எரிகிறது. காங்கேயத்தில் கிளம்பி ஊதியூர் போவதற்குள் தானாக அணைந்துவிடுகிறது. பங்க்கில் கேட்டால் எல்லா எஸ்.யு.வி.க்கும் 35 என்கிறார்கள். என் மச்சான் 30 போதும், வெயில் காலத்தில் அதையும் குறைக்கணும் என்கிறார். டயரிலோ அதிகபட்சம் 51 என்று போட்டிருக்கிறது. தை மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். எவ்வளவு வைப்பது? வழியில் விளக்கு எரிந்தால் ஓட்டலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று எண்ணும் உங்கள் வண்டிக்கானது அல்ல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், நடுத்தூணின் கீழ்ப்பகுதியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். அதில் உள்ளதுதான் உங்கள் எண். பெரும்பாலான எஸ்.யு.வி.களில் அது 30க்கும் 36க்கும் இடையில் வரும். ஸ்டிக்கரில் 230, 250 என்று பெரிய எண்ணாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது கிலோபாஸ்கல். 230 என்றால் 33 பி.எஸ்.ஐ. (பங்க்கில் ‘பாயிண்ட்’ என்பது இதைத்தான்), 250 என்றால் 36. பார் என்று போட்டிருந்தால் ஒரு பாருக்கு 14.5 பாயிண்ட் கணக்கு.

டயரில் உள்ள 51 என்பது அந்த டயர் தாங்கும் உச்சம். தன் டயர் எந்த வண்டியில் ஏறப்போகிறது என்று டயர் கம்பெனிக்குத் தெரியாது. வண்டியின் எடையையும் சஸ்பென்ஷனையும் பார்த்து எண் சொல்வது வண்டிக் கம்பெனிதான். பங்க்கில் “எத்தன வைக்கட்டுங்ணா?” என்று கேட்கும் பையனுக்கு நாம் பதில் சொல்லாமல் நின்றால் 35 வைப்பான். நாளெல்லாம் நூறு வண்டிக்குக் காற்று அடிப்பவனிடம் நம் வண்டியின் ஸ்டிக்கரைப் படித்து வைக்கச் சொல்ல முடியாது. எண்ணைச் சொல்ல வேண்டியது நாம்.

ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். இரண்டு மூன்று பேர் போவதற்கு ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்தால் இன்னொன்று. ஏழு சீட் வண்டியில் கடைசி வரிசையில் ஆள் ஏறினால் பாரம் முழுக்கப் பின் டயர் மேல்தான். அதனால் நிறைபாரத்துக்குப் பின்பக்க எண் கூடுதலாக இருக்கும். தினமும் தனியாக ஓட்டும்போது முதல் வரி, ஊட்டிக்கு இரண்டாம் வரி. இனி நான் சொல்லும் கணக்குகளுக்கு முதல் வரி 33, நிறைபாரம் பின்பக்கம் 36 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஸ்டிக்கரில் வேறு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் எல்லாமே ஆறிய டயருக்கானவை. உங்கள் விளக்கு எரிவதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஆறிய டயர் என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அதற்குப் பின் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நம்மில் யார் அப்படிப் பார்க்கிறோம்? திருப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வரும் வழியில், மதியம் இரண்டு மணிக்கு, டீசல் போடும்போது கூடவே காற்றும் பிடிக்கிறோம். அப்போது டயருக்குள் இருக்கும் காற்று 50 டிகிரியை எளிதாகத் தொட்டிருக்கும். அந்தச் சூட்டில் மெஷின் 33 காட்டி பீப் அடிக்கும், நாமும் திருப்தியாகக் கிளம்பிவிடுவோம். மறுநாள் மார்கழி விடிகாலை 19 டிகிரியில் அதே டயரில் இருப்பது 28, மிஞ்சினால் 28½. சூட்டில் விரிந்த காற்று குளிரில் சுருங்குகிறது, அவ்வளவுதான். 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை எதுவும் இல்லாத நல்ல டயரே மாதம் ஒரு பாயிண்ட் அளவுக்குக் காற்றை இழக்கும். இரண்டு மாதம் பார்க்காமல் விட்டால் 26. விளக்கு எரிகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் டயர் சூடாகி இரண்டு மூன்று பாயிண்ட் ஏறும். விளக்கு அணைகிறது.

ஆக, அணைந்தது விளக்கு மட்டும்தான், குறை அப்படியே இருக்கிறது. இந்த விளக்கைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதியே, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்கிறது. 33க்கு அது 25 பாயிண்ட்டுக்குக் கீழே. சில கம்பெனிகள் கொஞ்சம் முன்னதாகவே எரிய வைக்கின்றன. எப்படியிருந்தாலும் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 27 பாயிண்ட்டில் விளக்கு வாயே திறக்காமல் மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் நம் ரோடுகளில் ஏராளம்.

செய்ய வேண்டியது சுலபம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் கேஜ் ஒன்றை வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள். காலையில் வண்டியை வெளியே எடுக்கும் முன், வெயில் படாத நேரத்தில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் வெயில் விழுந்திருந்தால் அந்தப் பக்க டயர்கள் மட்டும் இரண்டு பாயிண்ட் கூடக் காட்டி ஏமாற்றும். 12 வோல்ட் பிளக்கில் செருகும் சின்ன கம்ப்ரசர் இருந்தால் வாசலிலேயே வேலை முடிந்தது. இல்லையா? வீட்டில் எந்த டயரில் எத்தனை குறைகிறது என்று குறித்துக்கொண்டு போய், பங்க்கில் அப்போது காட்டும் எண்ணோடு அந்தக் குறையை மட்டும் கூட்டி அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் 29, பங்க்கில் 32 காட்டுகிறது என்றால், 36 வைக்கச் சொன்னால் ஆறியபின் 33 ஆகிவிடும். வண்டியின் டிஸ்பிளேயிலேயே நான்கு டயருக்கும் தனித்தனி எண் தெரிந்தால் கேஜ்கூட வேண்டாம், அதையே காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்கணும், இல்லாவிட்டால் டயர் வெடித்துவிடும் என்பது ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எல்லாரும் சொல்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடப்பது நேர் எதிர். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய அறுநூறு சுற்று. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி ஒடிகிறதே, அதுதான் அங்கேயும் நடக்கிறது. சித்திரை வெயிலில் அவிநாசி பைபாஸில் ஆறேழு பேரோடு நூறில் போகும்போது அந்தச் சூடுதான் டயரைப் பிரிக்கும். சூட்டில் ஏறும் நான்கைந்து பாயிண்ட்டைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். 33 வைத்த டயர் ஓட்டத்தில் 38 காட்டினாலும் 51க்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

இதற்கு உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு, அதுவும் ஒரு எஸ்.யு.வி.யை வைத்து. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் நிறைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. மேல்பட்டை கழன்று வண்டிகள் உருண்டன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். டயரின் தயாரிப்புக் குறையும் காரணம்தான். ஆனால் ஃபோர்டு 26 பாயிண்ட் போதும் என்று சொல்லியிருந்தது, 30 இருந்திருக்க வேண்டும் என்று ஃபயர்ஸ்டோன் வாதாடியது. வெயில், வேகம், பாரம், காற்றுக் குறைவு நான்கும் சேர்ந்த இடத்தில்தான் விபத்துகள் அதிகம் நடந்தன. அதே ஆண்டு வந்த சட்டம்தான் இந்த விளக்கை அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் கொண்டுவந்தது. மச்சானிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதற்காக ஒரேயடியாகக் கூட்டியும் வைக்காதீர்கள். 40 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் பட்டுத் தேயும், மழை ஈரத்தில் பிரேக் பிடி குறையும், பள்ளத்தில் விழுந்தால் அலாய் வீல் அடிவாங்கும். குறைந்து ஓடினால் இரண்டு ஓரமும் தேயும். டயரைத் தடவிப் பார்த்தே எது நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சரி, ஓடும்போது விளக்கு எரிந்தால்?

எரிகிற விதத்தை முதலில் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் காற்று பிரச்சினை இல்லை; சென்சாரிலோ அதன் பேட்டரியிலோ கோளாறு. பேட்டரி சாதாரணமாக ஐந்திலிருந்து பத்து வருடம் வரும், அதனால் உங்கள் வண்டிக்கு இப்போது அந்தக் கவலை தேவையில்லை. மின்னாமல் நேரடியாக எரிந்தால் காற்று குறைவு. அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து, டிஸ்பிளேயில் எண்ணைப் பாருங்கள். எண்ணை விட அது இறங்கும் வேகம் முக்கியம். 26இல் அசையாமல் நின்றால் ஐம்பதில் உருட்டிக்கொண்டு பக்கத்துப் பங்க்குக்குப் போகலாம். நிமிடத்துக்கு ஒன்றாக இறங்கினாலோ 20க்குக் கீழே போய்விட்டாலோ ஓரம் கட்டிவிடுங்கள். காற்றில்லாத டியூப்லெஸ் டயரை “இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால், ரிம் பக்கச் சுவரை அரைத்துவிடும். கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பு மாவாக ரப்பர் தூள் கொட்டும். இருநூறு ரூபாய் பஞ்சர் அப்படித்தான் பல ஆயிரம் ரூபாய் டயர் செலவாகிறது.

டிஸ்பிளேயில் எண் எதுவும் வராமல் வெறும் விளக்கு மட்டும் எரிகிற வண்டிகளும் உண்டு. அவற்றில் பல, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். சென்சாரை வைத்து எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்ப்பவை. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் சிறுத்துப்போய் அதிகம் சுற்றும். நான்கு டயரும் ஒன்றுபோல இறங்கினால் இந்த வகைக்குச் சரியாகத் தெரியாது. காற்று சரிசெய்தபின் ரீசெட் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான். விளக்கு எரிகிறதே என்று காற்றைப் பார்க்காமல் வெறுமனே ரீசெட்டை அழுத்தினால், குறைந்த காற்றே சரியான காற்று என்று அது கற்றுக்கொள்ளும். அந்தப் பட்டனைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பெரியவர்கள் கைக்கும்தான்.

நான்கில் ஒரு டயர் மட்டும் வாரம் இரண்டு மூன்று பாயிண்ட் குறைந்தால் குளிர் மேல் பழி போட முடியாது. உங்கள் பக்கத்தில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் முள். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் கிளுவை முள்வேலியை வெட்டிப் போட்ட பாதையில் போனால் முள் ஏறி, உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியே கறுப்புப் புள்ளி அளவுக்குத்தான் தெரியும். சோப்புத் தண்ணீரை டயர் முழுக்க ஊற்றி வண்டியை மெல்ல நகர்த்திப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே கடுகளவு நுரை ஒன்று மெதுவாக ஊறி, உடைந்து, மறுபடி ஊறும். அதுதான் இடம். டயரில் ஒன்றும் இல்லையென்றால் வால்வு வாயில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் என்றால் முள்ளுக்குப் பதில் லேத் பட்டறையின் இரும்புச் சுருள். ஆணியோ ஸ்க்ரூவோ தெரிந்தால் ஆர்வத்தில் பிடுங்காதீர்கள், அதுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பஞ்சர் கடையில் வெளியிலிருந்து செருகும் ஸ்டிரிப் அவசரத்துக்குச் சரி. நீண்ட நாள் ஓட, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் மஷ்ரூம் பேட்ச் நல்லது. பக்கச் சுவரில் ஓட்டை என்றால் இரண்டுமே ஆகாது. டயரை இடம் மாற்றிப் போட்டிருந்தால் சென்சாரையும் புது இடத்துக்குப் பதிய வைத்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் டிஸ்பிளே முன் டயரைக் காட்டும், முள் பின் டயரில் இருக்கும்.

ஊட்டிக்கு என்று தனி எண் கிடையாது. கிளம்பும் அன்று விடிகாலையில், வீட்டிலேயே, ஸ்டிக்கரின் நிறைபார அளவை வையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் மூன்று பாயிண்ட் போலக் கூட்டிக் காட்டும். தை மாதக் குளிர் ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். இரண்டும் கழிந்து, மறுநாள் காலை ஊட்டியில் பார்த்தால் நீங்கள் வைத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஏறும் வழியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறு வளைவுகளில் ஏறி, குன்னூரில் டீ குடிக்க நிறுத்தும்போது 36 வைத்த பின் டயர் 41, 42 காட்டும். சூடும் உயரமும் சேர்ந்த கணக்கு அது. அங்கே பயந்து காற்றை இறக்கி 36க்குக் கொண்டுவந்தால், ஊர் திரும்பி மறுநாள் காலையில் 30தான் மிஞ்சும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ரிம் வழியாகவும் டயருக்குச் சூடு ஏறும். சின்ன கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் விளக்கு எரிந்தால் அங்கேயே நிற்காதீர்கள், வளைவை மெதுவாகத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்துங்கள்.

நைட்ரஜன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சும்மா அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து அடிக்க வேண்டியதில்லை. நைட்ரஜன் உள்ள டயரில் சாதாரணக் காற்று கலக்கலாமா என்றால், தாராளமாகக் கலக்கலாம்.

கிளம்பும் முன் ஸ்டெப்னியையும் பாருங்கள். ஏழு சீட் வண்டிகளில் பெரும்பாலும் அது வண்டிக்கு அடியில் தொங்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பல வண்டிகளில் அது மற்ற நான்கைவிடச் சின்ன அளவு, அதில் சென்சாரும் இருக்காது. அதை மாட்டி ஓடும்போது விளக்கு எரிந்தால் அதற்காகக் கலங்க வேண்டாம். அதன் மேலேயே 80க்கு மேல் போகாதே என்று ஒட்டியிருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். காற்றை ஸ்டிக்கரில் ஸ்டெப்னிக்குச் சொன்ன அளவுக்கு மூன்று பாயிண்ட் கூடவே வைத்துவிடுங்கள். மாட்டும்போது கூட இருந்தால் இறக்கிக்கொள்ளலாம், குறைந்திருந்தால் பர்லியாறு வளைவில் எங்கே போய் அடிப்பது? ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் எந்த மூலையில் இருக்கின்றன என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.