கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்

(பினாங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்)

கேள்வி: டீச்சர், என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். தனித்தனி எழுத்தாக எழுதும்போது அழகாகவே எழுதுவான். துலிசான் பெராங்காய், அதாவது ஏ, பி, சி எழுத்துகளைக் கை தூக்காமல் சேர்த்து எழுதும் கூட்டெழுத்து, ஆரம்பித்ததும் எல்லாம் கோணலாகிவிட்டது. அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். தினமும் இரண்டு பக்கம் எழுத வைத்தும் பலனில்லை. இடது கைக்காரன் என்பதால் வலது கைக்கு மாற்றிவிடச் சொல்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, செந்தூல்

பதில்: கையை மட்டும் மாற்றிவிடாதீர்கள் அம்மா. நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள்.

கை வலிக்கிறது என்றால் நம்புங்கள், அது சாக்கு இல்லை. அவன் எழுதும்போது விரல் நுனி வெளுக்கிறதா? எழுதிய தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து மேடாகத் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் பென்சிலை இறுக்கிப் பிடித்து அழுத்துகிறான். வலது கைக்காரருக்குப் பென்சில் பின்னால் இழுபட்டு வரும். இடது கைக்காரன் அதைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், முனை தாளில் குத்தும். புத்தகத்தை நேராக வைக்காமல், அதன் தலைப்பகுதி வலப்புறம் சாயும்படி, சற்று இடப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே பிடித்தால் எழுதுவது அவன் கண்ணுக்குத் தெரியும். 2பி பென்சிலின் கரி கையில் அப்பும், எச்பி கொடுங்கள். வகுப்பில் மேசையின் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

இனி எழுத்துக்கு வருவோம். ஏ, பி, சி என்ற வரிசையில் கூட்டெழுத்து சொல்லிக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. கை ஓடும் விதத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சிறிய சி நன்றாக வந்துவிட்டால் ஏ, ஜி, கியூ, ஓ நான்கும் அதே வளைவில் பிறக்கும். அடுத்து ஐ, யு, ஜே. அதன்பிறகு என், எம், எச்.

தமிழில் ஒவ்வோர் எழுத்தும் தனியாக நிற்கிறது. எழுத்து முடிந்ததும் கையைத் தூக்கிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று தூக்காதே என்கிறோம். அதனால் முழுச் சொல்லில் தொடங்காமல் இரண்டெழுத்து இணைப்பில் தொடங்குங்கள். ஏ, என் இரண்டும் சேருவதை முதலில் பழக்கலாம். மாக்கான், ஈக்கான், ஜாலான், பூலான் என்று மலாய்மொழியில் எங்கு பார்த்தாலும் அந்த இணைப்புதான்.

பெரும்பாலான எழுத்துகளை அடுத்த எழுத்தோடு இணைக்கும் வால் கீழ்க்கோட்டிலிருந்து கிளம்பும். ஓ, வி, டபிள்யூ போன்றவற்றுக்கு மேலிருந்து கிளம்பும். பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஓ-வின் வாலைப் பழக்கதோஷத்தில் கீழே இழுத்துவிடுவார்கள், அது ஏ ஆகிவிடும். ‘போலா’ என்று எழுதியது ‘பாலா’ என்று தெரியும், ‘தோலோங்’ ‘தாலாங்’ ஆகும். எழுத்துப்பிழை என்று சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தால், சரியாகத்தானே எழுதினேன் என்று பிள்ளை நொந்துபோகும். என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான். உங்கள் மகனின் புத்தகத்தில் ஓ வரும் சொற்களை மட்டும் இன்றிரவே பாருங்கள்.

இரண்டு பக்கத்தை நிறுத்திவிடுங்கள். நாளுக்கு ஓர் இணைப்பு, பத்து நிமிடம். முதலில் வீட்டு வாசல் சிமெண்டில் வெண்கட்டியால், தோள் அசைய, பெரிதாக எழுதட்டும். பிறகு புத்தகத்தில் ஒரே ஒரு வரி. அதில் எது அழகாக வந்தது என்று அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். ரப்பரை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் கணினி என்றாகிவிட்ட காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் கூட்டெழுத்து எதற்கு?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உலகமே இதில் ஒரு மனதாக இல்லை ஐயா. பின்லாந்து 2016இல் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. கலிபோர்னியாவோ 2024 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை அதைக் கற்பிக்கச் சட்டமே போட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கட்டுரையை இன்னமும் கையால்தான் எழுதுகிறார்கள். கை தங்குதடையில்லாமல் ஓடினால் மனம் விஷயத்தில் நிற்கும், அதற்காகத்தான் நான் கூட்டெழுத்தை விடமாட்டேன் என்கிறேன். அழகுக்காக அல்ல. ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்கு வந்த பேரன் தனித்தனி எழுத்திலேயே வேகமாகவும் தெளிவாகவும் எழுதுகிறான் என்றால், அவனை அப்படியே விட்டுவிடுங்கள்.