500 மீட்டரில் நிற்கும் டாங்கிக்கு எத்தனை பிக்சல்?

கேள்வி: தொலைவில் நிற்கும் டாங்கி எந்த வகை என்று வெறுங்கண்ணால் இனங்காணும் பயிற்சிக்காக, எங்கள் ராணுவப் பயிற்சி மையம் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டுகள் வாங்கவிருக்கிறது. ‘8கே’ என்று ஒரு முகவர் மலிவான விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். போதுமா?

பதில்: ‘8கே’ என்ற சொல்லை முதலில் கோப்பிலிருந்து அடித்துவிடுங்கள். 8கே திரை என்றால் குறுக்கே 7680 பிக்சல் இருக்க வேண்டும். முகவர்களோ ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ள 3840-ஐக் கூட்டி அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். இடக்கண் பார்க்கும் பிக்சல் வலக்கண்ணின் கூர்மையைக் கூட்டாது.

நீங்கள் கேட்க வேண்டியது, பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்பதைத்தான். அந்த 3840 பிக்சலை ஒரு கண்ணுக்கு 150 டிகிரி அகலத்தில் பரப்பினால், சராசரியாக டிகிரிக்கு 26 கூடத் தேறாது. நல்ல கண்பார்வைக்கு ஈடாக 60 வேண்டும். ‘பரந்த பார்வை’ என்ற விளம்பரத்துக்கு மயங்குபவர்கள் கூர்மையை இழப்பது இப்படித்தான். 2.2 மீட்டர் உயரமுள்ள டி-72 டாங்கி 500 மீட்டரில் கால் டிகிரிதான் தெரியும். ஆகவே அந்தத் திரையில் அதன் உயரம் ஆறு பிக்சல். வகையைச் சொல்ல ஏறத்தாழ 13 பிக்சல் தேவை என்பது அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் 1958-இல் வகுத்த அளவுகோல். மையப்பகுதியில் டிகிரிக்கு 51 பிக்சல் தரும் வார்ஜோ எக்ஸ்ஆர்-4 போன்ற ஹெட்செட்டுகளே அதை எட்டுகின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வீரர் ஏழு மடங்கு பைனாகுலர் வழியாக மட்டுமே பார்ப்பதாகப் பயிற்சி அமைந்தால், மென்பொருளே காட்சியைப் பெரிதாக்கிவிடுவதால், மலிவான ஹெட்செட்டிலும் அதே டாங்கி 40 பிக்சலைத் தாண்டும். இதைக் காட்டித்தான் முகவர் உங்களை மடக்குவார். ஆனால் களத்தில் வீரர் முதலில் வெறுங்கண்ணால் தேடி, ஐயம் எழுந்த பிறகே பைனாகுலரை எடுக்கிறார். வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத திரையில் பழகியவர், எப்போதும் பைனாகுலருக்குள்ளேயே கண்ணைப் புதைத்து, பக்கவாட்டில் நெருங்குவதைத் தவறவிடுவார். அந்தத் தீய பழக்கத்தை நாமே காசு கொடுத்துக் கற்பிக்கக் கூடாது.

டெண்டரில் ‘8கே அல்லது அதற்கு மேல்’ என்று மட்டும் எழுதிவிட்டால், எல்-1 முறையில் குறைந்த விலைக்காரரைத் தவிர வேறு எவரையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கண்ணின் கூர்மையை விலைப்பட்டியலால் அளக்கும் இந்த நடைமுறை எத்தனை ஆண்டுகளாக நம் வீரர்களைச் சோதிக்கிறது! அமெரிக்க ராணுவத்துக்கான ‘ஐவாஸ்’ என்ற தலையில் அணியும் திரைக்கண்ணாடி வீரர்களுக்கு ஏற்புடையதா என்று உறுதிசெய்யாமல் வாங்கினால் 2188 கோடி டாலர் வரை வீணாகலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022-இல் எச்சரித்தது.

ஆகவே டெண்டரில், மையப்பகுதியில் டிகிரிக்குக் குறைந்தது 50 பிக்சல் என்று எழுதுங்கள். முகவர் கொண்டுவரும் பளபளப்பான செயல்விளக்கக் காட்சியை ஏற்காதீர்கள்; டி-72 டாங்கி, பிஎம்பி கவச வாகனம் இரண்டையும் 500 மீட்டரில் நிறுத்திய உங்கள் காட்சியை ஓட்டச் சொல்லி, அதிகாரிகளை அல்ல, பயிற்சி தரும் ஹவில்தார்களை அரை மணி நேரம் அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.