மல்லிக்கு கொழுந்து மஞ்சள், மணி பிளான்ட்டுக்கு அடி இலை மஞ்சள்: ரெண்டுக்கும் ஒரே மருந்து போடலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க காட்பாடில மாடி வீட்டுல குடியிருக்கோம். பால்கனில தொட்டில மல்லிப்பூ செடி இருக்கு, ஹால்ல மணி பிளான்ட். ரெண்டுமே மஞ்சளாயிடுச்சு. டிஏபி உரம் போட்டேன், அப்புறம் எப்சம் சால்ட் போட்டேன், தண்ணியும் ஜாஸ்தி ஊத்தினேன், இன்னும் மோசமாதான் ஆகுது. ஆர்ஓ மிஷின்ல வேஸ்டா வெளிய போற தண்ணியதான் தினமும் ஊத்தறேன். செம்பருத்தில வேற வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒரு பதினஞ்சு நாளைக்கு எந்த உரமும் போடாதீங்க. நீங்க அனுப்பின போட்டோலயே பாதி பதில் இருக்கு, மல்லில மேல கொழுந்து மஞ்சள், மணி பிளான்ட்ல கீழ பழைய இலை மஞ்சள்னு நல்லாவே தெரியுது, அது ரெண்டும் வேற வேற நோவு.

செடிக்குள்ள சில சத்து எடம் மாறும், சிலது மாறாது. தழைச்சத்து (நைட்ரஜன்), மெக்னீசியம் எல்லாம் எடம் மாறும், பத்தலைன்னா செடியே கிழட்டு இலைல இருந்து உருவி கொழுந்துக்கு குடுத்துடும், அதனால அடி இலைதான் மொதல்ல மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது, போய் உக்காந்த இலையிலயே உக்காந்துக்கும், அது பத்தலைன்னா பழைய இலை பச்சையா இருக்கும், புதுசா வர்ற கொழுந்து வெளுத்துப்போய் நரம்பு மட்டும் பச்சைக்கோடா தெரியும். உங்க மல்லி இலைய வெயிலுக்கு நேரா தூக்கிப் பாருங்க, வலை பின்னின மாதிரி இருக்கும்.

சரி, செம்மண்ல இரும்பு இல்லாமயா போச்சு, இருக்கு. நம்ம பக்கத்து போர் தண்ணி பல எடத்துல கடின தண்ணிமா, வெந்நீர் வைக்கிற பாத்திரத்துல அடில வெள்ளையா படியுதே, சுரண்டினா கூட வராது, அதே சுண்ணாம்புதான் தொட்டி மண்ணுலயும் சேருது. சேர சேர மண்ணு காரத்தன்மை ஆகி, இரும்ப வேர் எடுக்க முடியாதபடி பூட்டி வச்சிடும். அதுக்கு மேல நீங்க டிஏபி வேற போட்டீங்க, அதுல 18 சதவீதம்தான் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), மணிச்சத்து ஓவரா போனா இரும்பு இன்னும் கெடைக்காது. எப்சம் சால்ட்டுங்கறது மெக்னீசியம், இங்க அதுக்கு வேலையே இல்ல.

ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய உடனே நிறுத்துங்க. நல்ல தண்ணிய ஒரு பக்கம் எடுத்துகினு உப்ப எல்லாம் இன்னொரு பக்கம் தள்ளுது அந்த மிஷின், அப்போ வெளிய வர்றது போர் தண்ணிய விட உப்பு தண்ணி. தொட்டி ஓரத்துல வெள்ளைப் பொருக்கு, இலை நுனி கருகறது எல்லாம் அதோட வேலை. பாத்ரூம் கழுவ வச்சிக்கங்க. தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு நெனைக்கிறது நல்ல மனசுதான், நம்ம ஊருல பாலாறே மணலா கிடக்கும்போது யாருக்குதான் கொட்ட மனசு வரும். செடிக்கு ஏசில சொட்டற தண்ணி, மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க. ஒரு தடவை நல்ல தண்ணிய தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு மெதுவா ஊத்தி அடி ஓட்டை வழியா ஓட விடுங்க, உப்பு இறங்கிடும்.

மருந்துன்னு பாத்தா உரக்கடைல அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு, கேளுங்க. ஒரு லிட்டர் தண்ணில மொதல்ல அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டு, அப்புறம் 5 கிராம் அன்னபேதி கரைச்சு, சாயங்காலமா தெளிங்க. எலுமிச்சை எதுக்குன்னா, அது இல்லாம அன்னபேதி துருவா மாறி அடில தங்கிடும். கீழ துணி காயப் போட்டிருந்தா எடுத்துடுங்க, கறை போகாது. எல்லா கிளைக்கும் அடிக்காதீங்க, ஒரே ஒரு கிளைக்கு மட்டும் அடிச்சு ஒரு வாரம் பத்து நாள் பாருங்க. துளி விழுந்த எடத்துல புள்ளி புள்ளியா பச்சை ஏறும், விழாத எடம் மஞ்சளாவே இருக்கும். அப்படி ஆனா நோவு இரும்புதான், மீதி செடிக்கும் அடிச்சு, மஞ்சள் போற வரைக்கும் மாசம் ஒருக்கா அடிங்க. ஆகலைன்னா வேர்ல கோளாறு, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணையும் தண்ணியையும் காட்டி கேளுங்க.

மணி பிளான்ட்ட சத்துக்குறைன்னு நெனைக்காதீங்க, அது தண்ணில மூழ்கி மூச்சு முட்டுது. தொட்டிக்கு கீழ தட்டுல தண்ணி நிக்குது, போட்டோலயே தெரியுது. வேருக்கும் காத்து வேணும், மண்ணு சந்து எல்லாம் தண்ணி நெறஞ்சா வேர் அழுகும், அழுகின வேர் தண்ணி உறிஞ்சாது, செடி வாடும், வாடுதேன்னு நாம இன்னும் ஊத்துவோம். நானும் இப்படித்தான் ஒரு கறிவேப்பிலைய சாகடிச்சேன், வீட்டுல இன்னும் சொல்லிக்காட்டறாங்க. தொட்டிய கவுத்து வேரைப் பாருங்க, வெள்ளையா கெட்டியா இருந்தா நல்ல வேர், பழுப்பா கொழகொழன்னு சாக்கடை நாத்தம் வந்தா வெட்டிப் போட்டுட்டு புது மண்ணுல வைங்க. விரல் ரெண்டு கணு உள்ள விட்டு காஞ்சிருந்தாதான் தண்ணி.

மணி பிளான்ட் பாட்டில் தண்ணிலயே வளருதே, இது மட்டும் ஏன் அழுகுதுன்னு கேப்பீங்க. தண்ணிலயே பொறந்த வேர் அதுக்கேத்த மாதிரி காத்து எடத்தோட வளரும், மண்ணுல வளர்ந்த வேரை திடீர்னு முக்கினா அதால தாங்க முடியாது.

செம்பருத்தில இருக்கறது மாவுப்பூச்சி. ஈரத்துணில துடைச்சிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு தண்ணி கலந்து இலை அடிப்பக்கமா அடிங்க. எறும்பு ஏறுதான்னு பாருங்க, அதுங்கதான் இதை காவல் காக்குதுங்க, எறும்ப நிறுத்தலைன்னா திரும்ப வரும்.

அடுத்த போட்டோ பகல் வெளிச்சத்துல எடுத்து அனுப்புங்க, டியூப்லைட்ல எடுத்தா இலையோட நிறம் சரியா தெரியாது.