தலையில் அடிபட்ட பிறகு சாடைப்பேச்சு ஏன் பிடிபடுவதில்லை?

கேள்வி: "விபத்துக்குப் பிறகு அண்ணன் நன்றாகக் கதைக்கிறார், பகிடியும் சாடையும்தான் விளங்குவதில்லை. ஏன்?"

சொல் விளங்குகிறது, சொன்னவரின் நோக்கம்தான் நழுவுகிறது. அடிபடும்போது மூளையில் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியும் கன்னப்பொறிக்கு உட்புறம் உள்ள பகுதியின் நுனியும் மண்டையோட்டின் கரடான அடித்தளத்தில் உரசிக் காயப்படுவது அதிகம். குரல், முகம், சந்தர்ப்பம் மூன்றையும் சேர்த்துப் பொருள் எடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் "சரியான புழுக்கமா இருக்கு" என்று நீங்கள் சாடையாகச் சொன்னால், அண்ணன் "ஓம்" என்றுவிட்டுப் பேசாமல் இருப்பார், ஃபானைப் போடமாட்டார். அலட்சியம் என்று கோபிக்க வேண்டாம். "ஃபானைப் போடுங்கோ அண்ணா" என்று நேரே கேளுங்கள். டீவியை நிற்பாட்டி, ஒருவர் மாறி ஒருவராகக் கதையுங்கள். கலியாணவீட்டு இரைச்சலில் இன்னும் தடுமாறுவார். பொருளைக் காட்டிப் பெயர் கேட்கும் வழமையான சோதனையில் அவர் தேறிவிடக்கூடும். ஆகவே பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் சாடைப்பேச்சையும் சோதிக்கச் சொல்லுங்கள்.